சொல்லாத மூன்று மாதம்

கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வீட்டில், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு புறவாசல் படியில் உட்கார்ந்திருக்கும் மருமகளைப் பார்த்தால் எனக்குப் பரிசோதனை அட்டையே வேண்டாம். ஆனாலும் அந்தச் செய்தி அவள் வாயிலிருந்து வர ஒரு மாதம் ஆகும். சில வீட்டில் இரண்டு மாதம்.

1988-ல் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்து 2022-ல் ஓய்வு பெற்றேன். முப்பத்துநாலு வருஷத்தில் பெரும்பகுதி சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமங்களில்தான். ஒரு துணை சுகாதார நிலையம், அதைச் சுற்றி ஏறக்குறைய ஐயாயிரம் சனம். பேறுகாலம் பார்த்தது, தடுப்பூசி போட்டது, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க அலைந்தது எல்லாம் உண்டு. அவற்றைப் பற்றி எழுத வேறு பேர் இருக்கிறார்கள். எனக்கு எழுதத் தோன்றுவது, வயிறு வெளியே தெரியாத முதல் மூன்று மாதத்தைப் பற்றி. ஒன்பது மாதத்திலேயே நர்சம்மாவுக்கு வேலை குறைவு என்று நினைக்கப்படுகிற காலம் அதுதான். என் அனுபவத்தில் ஒரு பெண்ணுக்குப் பேச்சுத்துணை அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான்.

எங்கள் பக்கம் கர்ப்பம் என்ற சொல்லை யாரும் புழங்க மாட்டார்கள். முதலில் ‘நாள் தள்ளிருக்கு’. பத்து நாள் கழித்து ‘முழுகாம இருக்கா’. மூன்று மாதம் தாண்டினால் ‘மாசமா இருக்கா’. வயிறு தெரிந்தபின் ‘வாயும் வயிறுமா இருக்கா’. எந்தச் சொல் வருகிறது என்பதை வைத்தே அந்த வீட்டுக்காரர்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்று சொல்லிவிடலாம். நாள் தள்ளியிருப்பது எதனாலும் இருக்கலாம் அல்லவா? அந்தச் சந்தேகத்துக்கு அந்தச் சொல்லிலேயே இடம் இருக்கிறது.

அரசாங்கத்துக்கோ பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987-ல் வெறும் 300 ரூபாயில் தொடங்கியது. 2006-ல் 6,000 ஆனது, 2011-ல் 12,000, 2018-ல் 18,000. முதல் தவணை வாங்க வேண்டுமென்றால் பன்னிரண்டு வாரத்துக்குள் பெயர் ஏறியிருக்க வேண்டும். கணினிப் பதிவு வந்தபிறகு பன்னிரண்டு இலக்க எண் ஒன்று தருகிறார்கள். அது இல்லாவிட்டால் பிறக்கும் பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்கவே அலைய வேண்டும். மாதாந்திரக் கூட்டத்தில் மேலதிகாரி எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்பார்: “உங்க ஏரியாவுல மட்டும் ஏம்மா எல்லாரும் நாலாம் மாசம்தான் உண்டாகுறாங்க?” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

என்ன பதில் சொல்ல? மூன்று மாதம் முடியுமுன் வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. வேலைக்கு வந்த புதிதில் இதை மூடநம்பிக்கை என்று மாமியார்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். பிறகு என் சிறிய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தபோது சத்தம் குறைந்தது. தெரியவந்த கர்ப்பங்களில் பத்தில் ஒன்றாவது கலைந்து போகிறது. அதில் பெரும்பாலானவை இந்த மூன்று மாதத்துக்குள்தான். பாதிக்கு, கரு உருவானபோதே குரோமோசோமில் நேர்ந்த பிசகுதான் காரணம். தாய் குனிந்ததோ நிமிர்ந்ததோ பப்பாளி தின்றதோ அல்ல. கலைந்தபிறகு தெருவில் நாலு பேர் “என்னாச்சு?” என்று கேட்பதைத் தாங்க முடியாதவர்கள் கண்டுபிடித்த காவல்தான் இந்த ரகசியம். கண் பட்டுவிடும் என்பது அதற்குச் சொல்லிக்கொள்ளும் காரணம்.

ஆனால் ரகசியத்துக்கு ஒரு விலையும் உண்டு. பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அதாவது நாள் தள்ளி இரண்டு வாரம் ஆகும்போது அந்த வேலை முடிந்தே போயிருக்கும். அது ஒழுங்காக மூடுவதற்குத்தான் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை. மூன்றாம் மாசம் வந்து கை நீட்டுகிறவளுக்கு நான் கொடுக்கும் மாத்திரை, ரயில் போனபிறகு எடுத்த டிக்கெட். அதனால் கல்யாணமான புதுப்பெண்களிடமே மாத்திரையைக் கொடுத்துவிடுவேன். “சத்து மாத்திரை” என்று சொன்னால் வாங்கிக்கொள்வார்கள். “பிள்ளைக்கு” என்றால் வெட்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

என் பையில் எப்போதும் இரண்டு நோட்டு இருக்கும். ஒன்று அரசாங்கப் பதிவேடு. மற்றொன்று அம்பது பைசாவுக்கு வாங்க ஆரம்பித்துப் பிறகு பத்து ரூபாய் வரை விலை ஏறிய கோடு போட்ட நோட்டு. சொல்ல விருப்பமில்லாதவர்களின் பெயர் அதில்தான் முதலில் ஏறும். அவர்கள் வீட்டுக்குப் போகவும் ஒரு சாக்கு வேண்டும். தொட்டியில் கொசுப்புழு பார்க்கிறேன் என்று போவேன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் புதன்கிழமை ஊசி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு இங்கே திண்ணையில் உட்காருவேன். தண்ணீர் கேட்பேன். கொண்டு வருகிறவள் முகத்தைப் பார்ப்பேன்.

எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தவள் ஒரு கிழவி. அந்த ஊர் மருத்துவச்சி. நாங்கள் வந்தபிறகு அவளுக்கு வேலை போய்விட்டது. அந்தக் கோபம் அவளுக்கு என் மேல் கடைசிவரை இருந்தது. ஆனால் தொழில் ரகசியத்தை மறைக்கவில்லை. “நாள் தள்ளிருக்கான்னு எவகிட்டயும் கேக்காத தாயி. இல்லைன்னுதான் சொல்லுவா. கம்மங்கஞ்சி இறங்குதான்னு கேளு.” அந்த ஒரு கேள்வியில் முப்பது வருஷம் ஓட்டினேன்.

இலவசக் கர்ப்பப் பரிசோதனை அட்டை வருமுன் கைதான் கருவி. பன்னிரண்டு வாரம் ஆனால் அடிவயிற்று எலும்புக்கு மேல் கருப்பையின் உச்சி விரலில் தட்டுப்படும். அதுவரை பேச்சுதான் பரிசோதனை. அட்டை வந்தபிறகு, காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர், மூன்று சொட்டு, ஐந்து நிமிடம். சின்ன மருந்துப் பாட்டில், ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு தடவை புத்தம்புது எவர்சில்வர் டிபன் பாக்ஸ் என்று எதில் எதிலோ கொண்டுவருவார்கள். அட்டை கண்டுபிடிப்பது எச்.சி.ஜி. என்ற சுரப்பை. கரு கருப்பைச் சுவரில் பதிந்ததும், பின்னால் நஞ்சுக்கொடியாகப் போகிற திசு அதைச் சுரக்கிறது. தொடக்கத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகி, எட்டிலிருந்து பதினோரு வாரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்குகிறது. மசக்கையும் கிட்டத்தட்ட அதே ஏற்ற இறக்கம்தான். ஆறாம் வாரம் தொடங்கும், ஒன்பதாம் வாரம் உலுக்கும், பதினாலு பதினாறு வாரத்தில் பெரும்பாலும் விட்டுவிடும். அதற்குள்ளாகவே “இந்தப் பிள்ளையே வேண்டாம் நர்சம்மா” என்று சொல்லாதவர்கள் குறைவு.

வாரக் கணக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடைசியாகத் தலைக்கு ஊற்றிக்கொண்ட மாதவிலக்கின் முதல் நாளிலிருந்துதான் நாங்கள் எண்ணுவோம். தேதி யாருக்கும் ஞாபகம் இருக்காது, திருவிழா ஞாபகம் இருக்கும். “இருக்கன்குடி ஆடிக் கடைசி வெள்ளிக்கு எல்லாரும் வண்டி கட்டிப் போனாக, நான் மட்டும் ஒதுங்கிக் கெடந்தேன், அன்னைக்கு மூணாம் நாளு” என்பாள் ஒருத்தி. அந்த வருஷம் கடைசி வெள்ளி ஆகஸ்ட் 12. அப்படியானால் முதல் நாள் ஆகஸ்ட் 10. ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் மே 17. கோயிலுக்குப் போக முடியாத வருத்தம் இருக்கிறதே, அதைப்போல் துல்லியமான நாள்காட்டி கிடையாது.

இந்தக் கணக்கு ஒரு குடும்பத்தைப் பிரிக்கப் பார்த்தது. புருஷன் வடக்கே லாரி ஓட்டுகிறவன். தீபாவளிக்கு வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. சாத்தூரில் எடுத்த ஸ்கேன் தாளில் ‘7 வாரம்’ என்று இருந்தது. அவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறான். ராத்திரி எட்டு மணிக்கு என் குடியிருப்புக் கதவைத் தட்டினான். தாளை நீட்டினான். ஒன்றும் பேசவில்லை. சண்டை போட வந்தவனென்றால் சமாளித்திருப்பேன். அவன் கை நடுங்கியதைப் பார்த்து எனக்கும் நடுங்கியது. சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் கழற்றித் தரையில் போட்டேன். “இங்க பாரு தம்பி. இது அவ ஒதுங்கின நாளு. இங்கருந்து நாங்க எண்ணுவோம். கரு பிடிக்கிறது இதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு. அப்ப நீ எங்க இருந்த?” அவன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். “வீட்லதான் நர்சக்கா.” “அப்பறம் என்ன?” முதல் இரண்டு வாரம் பிள்ளை இல்லாமலே கர்ப்பம் என்று எண்ணுகிற இந்த வழக்கத்தை யார் கேட்டாலும் நம்ப மாட்டார்கள், ஆனால் உலகம் முழுக்க அப்படித்தான் எண்ணுகிறார்கள். அதற்குப்பின் அட்டையில் இரண்டு கோடு விழுந்த ஒவ்வொரு பெண்ணிடமும், வெளியூர்ப் புருஷன் என்றால், இந்தக் கணக்கை முதலிலேயே தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிக்குமேல் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள். தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். விடியுமுன் வண்டி வந்துவிடும். எண்ணிக்கைக்குக் கூலி. மெழுகு வாசம், மருந்து வாசம், வண்டிப் புகை, இதற்கு நடுவே வெறும் வயிற்றோடு ஒன்பதாவது வாரத்தில் இருப்பவளை நினைத்துப் பாருங்கள். குமட்டல் அவளுக்கு இரண்டாவது பிரச்சினை. முதல் பிரச்சினை ஒண்ணுக்கு. கருப்பை வயிற்றுக்கு ஏறுமுன் இடுப்புக் குழிக்குள்ளேயே இருந்து மூத்திரப்பையை அழுத்துகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் கூடுகிறது. முக்கால் மணிக்கொரு தடவை எழுந்து போனால் எண்ணிக்கை குறையும், பக்கத்தில் இருப்பவள் கண்டுகொள்வாள். ஆகவே தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள். குடிக்காவிட்டால் வாந்தி கூடும், நீர்க்கடுப்பு வரும், காய்ச்சல் வரும். ஒரே ஒரு ரகசியத்துக்காக இவ்வளவும். நான் கொடுத்த யோசனை ஏட்டில் இல்லாதது: “நீர்க்கடுப்பு, சூட்டு வயிறுன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போ. அதுக்கு ஒருத்தரும் கண்ணு வைக்க மாட்டாக.”

அசதியைப் பற்றிச் சொன்னால் மாமியார்கள் நம்புவதில்லை. வயிறே இல்லை, என்ன அசதி? புரோஜெஸ்ட்ரோன் என்ற சுரப்பு தூக்கத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அதுவே குடலையும் மந்தமாக்குகிறது; மலச்சிக்கல், நெஞ்சு கரிப்பு, ஏப்பம். ரத்தக் குழாய்கள் தளர்வதால் சட்டென்று எழுந்தால் கிறுகிறுப்பு. மார்பு கனத்து, ரவிக்கை உரசினாலே வலி. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். சிலர் தலைமாட்டில் சிரட்டை வைத்துக்கொண்டு படுப்பார்கள். நான் மாமியார்களிடம் ஒன்று சொல்வேன்: அஸ்திவாரம் தோண்டுற வீட்ல ஒண்ணும் தெரியாது, ஆனா கூலி அங்கதான் அதிகம்.

எல்லாவற்றையும்விடக் குடும்பத்தைக் குலைப்பது மூக்கு. தாளிக்கிற வாசம், அரிசி கொதிக்கிற வாசம், மழை பெய்த மண் வாசம், பவுடர் வாசம். ஒருத்திக்குத் தன் புருஷனின் பீடி வாசம் ஆகவில்லை. பீடியை விட்டான். பிறகு அவன் வேர்வை ஆகவில்லை. அவன் வாசலில் கட்டில் போட்டுப் படுத்தான். “என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கிறா” என்று அவனும், “எனக்கே அவரைப் பாத்தா அழுகையா வருது, ஆனா பக்கத்துல வந்தா குமட்டுது” என்று அவளும், இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் வந்து அழுதார்கள். அவளுக்கு இருபது வயது. புருஷனைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்ற பயம் அவளுக்கு, யாரிடம் சொல்வாள்? மூன்று மாதம் கழித்து அவனே கேலியாகச் சொன்னான்: “இப்ப வாசம் சரியாப் போச்சு நர்சக்கா, பீடியும் போச்சு.”

எனக்கு இது புரிந்ததற்குக் காரணம், 1991-ல் நானே முழுகாமல் இருந்தபோது பட்ட பாடு. நர்சுக்கு ஸ்பிரிட் வாசம் ஆகாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்ததும் குடல் வாய்க்கு வரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசி போட்டுவிட்டு வேலிக்குப் பின்னால் ஓடுவேன். ஊருக்கெல்லாம் சீக்கிரம் பதிவு செய்யச் சொன்ன நான், என் பெயரைப் பதிவேட்டில் எழுதியது பதினாலாம் வாரம். இதை அந்த மேலதிகாரியிடம் கடைசிவரை சொல்லவில்லை.

வாந்திக்கு நான் சொல்லும் வைத்தியம் எளிது. எழுந்திருக்குமுன் படுக்கையிலேயே ஒரு கை பொரிகடலை. மூன்று வேளையை ஆறு வேளையாக்கு. சூடான சோறு வேண்டாம். ஆறிய சாப்பாட்டில் வாசம் குறைவு, அதனால்தான் நீராகாரமும் மோர் விட்ட கம்மங்கஞ்சியும் தங்குகின்றன. அடுப்படியில் வேறு யாராவது நிற்கட்டும். இந்தக் கடைசி வரியைத்தான் வீட்டில் யாரும் கேட்பதில்லை. இரும்புச்சத்து மாத்திரையை நாலாம் மாதம் தொடங்குவதற்கும் இதுதான் ஒரு காரணம்; அது குமட்டலைக் கூட்டும். முடியாதவர்களுக்கு டாக்சிலமின், பி6 சேர்ந்த மாத்திரையை டாக்டர் எழுதுவார். அதை வாங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டு விழுங்காமல் இருப்பவர்கள் உண்டு. மசக்கைக்கு மாத்திரை போட்டால் பிள்ளை ஊனமாகும் என்ற பயம். அந்தப் பயம் வானத்திலிருந்து விழவில்லை. 1957-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, 1961-ல் திரும்பப் பெறப்பட்ட தாலிடோமைடு மாத்திரையைக் குமட்டலுக்கு விழுங்கிய தாய்மார்களுக்குக் கைகால் வளராத பிள்ளைகள் பிறந்தன. அந்த மாத்திரையின் பெயர் தெரியாத ஊரிலும் அதன் நிழல் இருக்கிறது. இது வேறு மாத்திரை, பல வருஷமாகக் கர்ப்பிணிகள் சாப்பிட்டுப் பார்த்தது என்று ஒவ்வொருத்திக்கும் சொல்ல வேண்டும்.

சர்க்கரைப் பரிசோதனை நாள் தனிக் கூத்து. சென்னையின் டாக்டர் வி. சேஷய்யா வலியுறுத்தி வந்த முறை: 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம். 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கவனிக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்தாலும் பரவாயில்லை என்பதால் கிராமத்துக்கு ஏற்ற முறைதான். ஆனால் ஒன்பதாம் வாரக்காரிக்கு ஒரு டம்ளர் தித்திப்புத் தண்ணீரை நீட்டிப் பாருங்கள். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் முதலிலிருந்து. வரிசையில் ஒருத்தி ஓங்கரித்தால் பின்னால் மூன்று பேர் ஓங்கரிப்பார்கள். எலுமிச்சம்பழம் பிழிந்து, மடக்கு மடக்காகக் குடிக்க வைத்து, குடித்ததும் இருக்கன்குடிக் கதை ஏதாவது பேசிக் கவனத்தைத் திருப்புவேன்.

மண் தின்பதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். பச்சரிசி, திருநீறு, சிலேட்டுக் குச்சி, அடுப்புச் சுவரில் சுரண்டிய மண். நாக்கையும் கண்ணிமை உட்புறத்தையும் பார்த்தால் பெரும்பாலும் வெளுத்திருக்கும். ரத்தச்சோகைக்கும் இந்த ஆசைக்கும் உறவுண்டு. தமிழ் படித்த என் மகள் ஒருநாள் புறநானூற்றிலிருந்து ஒரு செய்தி சொன்னாள். குறுங்கோழியூர் கிழார் என்ற புலவர் சேர மன்னன் ஒருவனைப் புகழும்போது, உன் நாட்டு மண்ணை மசக்கைக்காரிகள் ஆசைப்பட்டுத் தின்பார்களே தவிர, பகைவர் யாரும் உண்ண முடியாது என்கிறாராம். ராஜாவின் வீரத்தை விடுங்கள். அந்தக் காலத்துச் சேர நாட்டில் எத்தனை பேருக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

‘மசக்கைதான்’ என்ற ஒரு வார்த்தை என்னைக் கவிழ்த்த கதையும் உண்டு. ஒருத்திக்குப் பத்து வாரம். ஒருநாள் இல்லாத வாந்தி, தண்ணீர்கூடத் தங்கவில்லை. வயிறு தொட்டால் பதினாலு பதினைந்து வாரம்போல் இருந்தது. நாள் கணக்கில் பிசகு இருக்கும், இல்லாவிட்டால் இரட்டைப் பிள்ளை என்று சொன்னேன். வீடே சந்தோஷத்தில் மிதந்தது. மாமியார் இரண்டு தொட்டில் சேலை எடுத்து வைத்தாள். பத்து நாள் கழித்து ரத்தம் பட்டபிறகுதான் ஸ்கேனுக்கு அனுப்பினேன். உள்ளே பிள்ளையே இல்லை. திராட்சைக் கொத்துபோல் நீர்க்குமிழிகள். எங்கள் ஊரில் அதற்கு முத்துப்பிள்ளை என்று பெயர். அந்த மருத்துவச்சிக் கிழவிக்குக்கூடத் தெரிந்த பெயர். நஞ்சுத் திசு மட்டும் வெறிகொண்டு வளர்வதால் எச்.சி.ஜி. எக்கச்சக்கமாக ஏறுகிறது, அதனால்தான் அந்த வாந்தி. நாளுக்கு மீறிய வயிறு, மட்டுமீறிய வாந்தி, இரண்டும் என் கையிலும் கண்ணிலும் இருந்தன. பத்து நாள் தாமதம் என்னுடையது. உள்ளே இருந்ததை அகற்றியபிறகும், மாதக் கணக்கில் ரத்தப் பரிசோதனைக்கு அவளை நானே கூட்டிக்கொண்டு போனேன். எச்.சி.ஜி. முழுசாக இறங்கும்வரை அடுத்த பிள்ளை உண்டாகக் கூடாது. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அதற்குப்பின் ஒருநாள் முழுக்கத் தண்ணீர் தங்கவில்லை, எட்டு மணி நேரமாக ஒண்ணுக்குப் போகவில்லை, ஒரு பக்கமாக மட்டும் வயிறு வலி, சொட்டு ரத்தம் என்று எதைக் கேட்டாலும் மசக்கை என்ற வார்த்தை என் வாயில் வராது. வண்டியை வரச்சொல்லிவிடுவேன்.

இரண்டு கோடு விழுந்ததும் “நல்ல சேதி” என்று சொல்வதையும் நான் நடுவில் நிறுத்திவிட்டேன். மூன்றாவது பிள்ளை வயிற்றில், மூத்தது இரண்டும் பெண், புருஷன் குடிகாரன். அட்டையைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: “சந்தோசப்படணுமா நர்சம்மா?” எனக்குப் பதில் தெரியவில்லை. அது முதல் அட்டையை அவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுச் சும்மா இருப்பேன். முதலில் வரும் வார்த்தை அவர்களுடையதாக இருக்கட்டும். வேண்டாம் என்றால் 1971-லிருந்தே சட்டம் வழி வைத்திருக்கிறது. வயது வந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும், சட்டப்படி புருஷன் கையெழுத்து தேவையில்லை. ஆனால் கையெழுத்து கேட்டுத் திருப்பி அனுப்புகிற இடங்கள் இருந்தன. அப்படித் திரும்பியவர்கள் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு ரத்தம் நிற்காமல் என் வாசலுக்கு வருவார்கள். கூடப் போய்ச் சட்டத்தைச் சொல்லி வாதாடியிருக்கிறேன். சில தடவை ஜெயித்தேன்.

வேண்டிப் பெற்றவர்களும் அழுவார்கள். ஒன்பது வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றி உண்டானவள், ஏழாம் வாரம் திண்ணையில் உட்கார்ந்து காரணமே இல்லாமல் அழுதாள். தனக்கு நன்றியில்லை என்று சாமி நினைத்துக்கொள்ளுமே என்று அதற்கும் சேர்த்து அழுதாள். சுரப்புகளின் ஏற்றமும் தூக்கக் கேடும் பயமும் கலந்துதான் இந்த அழுகை, பெரும்பாலும் நாளாவட்டத்தில் தெளிந்துவிடும். தெளியாமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். எடைக்குக் கட்டம் உண்டு, ரத்த அழுத்தத்துக்கு உண்டு, ஹீமோகுளோபினுக்கு உண்டு. இதற்கு என் பதிவேட்டில் கட்டம் கிடையாது. அதனால் இதெல்லாம் கோடு போட்ட நோட்டில்தான் இருக்கிறது. ‘அழுதாள்.’ ‘இன்று கஞ்சி இறங்கியது.’ ‘புருஷன் காபி போட்டுக் கொடுத்தான்.’ இப்படி.

அந்த நோட்டில் ஒரு பெண்ணின் பக்கம் பத்தாம் வாரத்தோடு நிற்கிறது. தானாகக் கலைந்து, ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்து அனுப்பினார்கள். ஊரில் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான்; அவள் மாமியார், புருஷன், நான். ஐந்தாம் நாள் போனபோது மூக்கைப் பொத்திக்கொண்டு புறவாசலில் உட்கார்ந்திருந்தாள். “இன்னும் தாளிக்கிற வாசம் ஆகலை நர்சம்மா. ஆஸ்பத்திரியில தப்பாப் பாத்துட்டாகளோ? எனக்கு ஒரு அட்டை போட்டுப் பாருங்க.” போட்டிருக்கக் கூடாது. அவள் கண்ணைப் பார்த்துப் போட்டுவிட்டேன். இரண்டு கோடு விழுந்தது. கரு போனாலும் எச்.சி.ஜி. ரத்தத்தை விட்டு இறங்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகும், அட்டைக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்று எனக்குத் தெரியும். அதை அவளுக்குப் புரியவைக்க அன்று சாயங்காலம் வரை ஆனது. அவள் அழவில்லை. சரி சரி என்று தலையாட்டினாள். அட்டையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

மறு வாரம் புதன்கிழமை பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வீட்டு அடுப்படியிலிருந்து கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. வாசலில் மாமியார் நின்றுகொண்டு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். “இன்னைக்கு அவளே அடுப்புக்கிட்ட போயிட்டா. வாசம் ஒண்ணும் செய்யலையாம்.” உள்ளே போனேன். அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி அடுப்பு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். தாளிதம் கருகிக்கொண்டிருந்தது. நான் போய் அடுப்பை அணைத்தேன்.